ஐப்பசி மழையும் தானே முளைக்கும் பூக்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: போன கார்த்திகையில் காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் நாங்கள் விதைக்காமலே பூத்துக் குலுங்கின. தையில் காய்ந்த செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தென்னை நார்க்கழிவை மூடாக்காகப் பரப்பினோம். இந்த மழைக்கு நாலைந்து செடிகூட வரவில்லை. ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்று செடிக்கும் காரணம் வேறு வேறு. கோழிக்கொண்டை விதை கடுகைவிடச் சிறியது, பளபளக்கும் கறுப்பு. வெளிச்சம் பட்டால்தான் அது நன்றாக முளைக்கும். இரண்டு அங்குல நார்க்கழிவுக்கு அடியில் கிடந்தால் எழும்பாது. வாடாமல்லி விதையோ எளிதில் உதிராது. காய்ந்த பூவைப் பிரித்துப் பாருங்கள்: ஒவ்வொரு செதிலுக்குள்ளும் பஞ்சு சுற்றிய ஒரு விதை இருக்கும். நீங்கள் செடியோடு எறிந்தது அடுத்த வருடத்துத் தோட்டத்தைத்தான். காசித்தும்பை முற்றியதும் தொட்டால் வெடித்துச் சில அடி தூரம் தெறிக்கும். பாத்தியில் தேடாமல் நடைபாதை ஓரம், சுவரடி பாருங்கள். நாலு இலை விட்ட கன்றை வேர்மண்ணோடு சாயங்காலத்தில் பெயர்த்து நடலாம்.

இப்போதும் காலம் போய்விடவில்லை. மூடாக்கை ஒதுக்கி, மேல்மண்ணை அரை அங்குலம் மட்டும் கீறிவிடுங்கள். கோழிக்கொண்டை விதையைத் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும், மண் மூட வேண்டாம். வாடாமல்லிப் பூவைக் கசக்கி, விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கால் அங்குல ஆழத்தில் போடுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும். கன்றுகள் நாலு அங்குலம் வளர்ந்த பிறகு மூடாக்கைத் திரும்பப் போடலாம்.

முளைத்தது அத்தனையும் வளரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அடர்ந்து நிற்கும் கன்றுகள் அடைமழையில் தண்டின் அடி கறுத்துச் சாயும், அது நாற்றழுகல். செடிக்குச் செடி ஓர் அடி விட்டுக் கலைத்து, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் கீறுங்கள். 1 கிலோ மட்கிய தொழுவுரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து தூவலாம். கலைப்பதற்கு மனம் வராதுதான். ஆனால் தானே முளைக்கும் தோட்டத்தில் முக்கியமான வேலையே இதுதான். மாலைக்குப் பூப் பறிக்கும்போது செடிக்கு மூன்று நான்கு நல்ல பூவை நூல் கட்டி விதைக்கு விடுங்கள். அவை செடியிலேயே காயட்டும்.

கேள்வி: செண்டுமல்லி என்று நினைத்து வளரவிட்டது பார்த்தீனியமாகிவிட்டது. கன்றிலேயே எப்படிப் பிரித்தறிவது?
– வாசகர், ஓசூர்

பதில்: ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். செண்டுமல்லியின் நெடி விரலைவிட்டுப் போகாது. இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தினாற்போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். இலைகள் எதிரெதிராக வரும், கன்று நிமிர்ந்து நிற்கும். பார்த்தீனியம் இளம் பருவத்தில் தரையோடு தரையாக வட்டமாகப் படரும். இலையில் நுண்ணிய முடி இருக்கும், அந்த நெடி இராது. பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு வரும்.

கேள்வி: டெல்லி கனகாம்பரம் கொள்ளையாகப் பூக்கிறது, ஆனால் ஒரு கன்றுகூடத் தானாக வரவில்லையே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வராது. அது மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று கொண்டது; அதனால் விதை பிடிக்காத வகை. நாலு அங்குலத் தண்டை வெட்டி, அடி இலைகளை நீக்கி, நிழலில் ஈர மணலில் ஊன்றுங்கள். தானாகப் பரவ வேண்டுமானால் நாட்டுக் கனகாம்பரம் வையுங்கள். பூ உதிர்ந்த கதிரை ஒடிக்காமல் விட்டால், காய்ந்த காய்மீது மழைத்துளி பட்டதும் ‘பட்’டென்று வெடித்து விதை தெறிக்கும்.