பூனையின் தெள்ளுக்கு யூக்கலிப்டஸ் எண்ணெய் பூசலாமா?

பூசாதீர்கள். தடிமனுக்கு நாங்கள் முகர்கிற எண்ணெய்தானே என்று எங்கள் வன்னிப் பக்கம் சாதாரணமாகக் கேட்பார்கள். சிக்கல் பூனையின் ஈரலில் இருக்கிறது. இவ்வகை எண்ணெய்களின் பல சேர்மங்களை நீரில் கரையும்படி மாற்றிக் கழிக்க உதவும் குளுக்குரோனைடேற்றம் என்ற ஈரல் வேலை அதற்கு மிகக் குறைவு. முதுகில் இரண்டு சொட்டு விட்டாலும் நக்கி நக்கி வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். கராம்பு, கறுவா, தேயிலைமர எண்ணெய்களும் ஆபத்துத்தான்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீணி வடிந்தாலோ, தள்ளாடினாலோ, நடுங்கினாலோ பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்துக் கால்நடை வைத்தியரிடம் போங்கள். எண்ணெய்ப் போத்தலும் கையோடு போகட்டும்.

தெள்ளுக்குப் பேன்சீப்பால் வாரி, சிரட்டையில் கரைத்த சவர்க்காரத் தண்ணீரில் தட்டுங்கள். அலுப்பு வேலைதான். அப்புறம், நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் என்ற தெள்ளு மருந்தும் பூனைக்கு நஞ்சு.