70 மைல் வேகம் சரி, மேலே என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

வாங்குவோர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் வேகப் படகு வாங்கிய, வாங்கப் போகிற நம்மவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: 20 அடிப் படகு, 250 குதிரைத்திறன் மோட்டார். மணிக்கு 60 மைலைத் தாண்டினால் படகு இடமும் வலமுமாக ஆடுகிறது, ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது. விற்றவர் "பழகிவிடும்" என்கிறார். படகில் கோளாறா? (டாலஸ்)

பதில்: அவர் சொன்னது பாதி உண்மை. மீதியைச் சொல்லாமல் விட்டதில்தான் கோபம் வருகிறது. இதற்குப் பெயர் சைன் வாக். அந்த வேகத்தில் படகு முழுக்க மேலே எழும்பி, பின்பக்க அடியில் இருக்கும் குறுகலான தட்டைப் பகுதி மட்டும்தான் தண்ணீரில் படுகிறது. இரண்டு பக்கமும் தாங்க ஒன்றும் இல்லை. கொஞ்சம் சாய்ந்ததும் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். அது ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேர்வதால் அடுத்த சாய்வு இன்னும் பெரிதாகிறது. ஆட்டம் தொடங்கினால் வேகத்தை மெல்லக் குறைத்து, ட்ரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, கொஞ்சம் கீழே இறக்குங்கள். பயந்துபோய் த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) ஒரேயடியாக விட்டால் மூக்கு தண்ணீரில் குத்தி, படகு சட்டென்று திரும்பி ஆளைத் தூக்கி எறியும்.

ஓட்டுநர் பிழை இருக்கட்டும், வண்டியையும் பாருங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை லேசாக அசைத்துப் பாருங்கள். சக்கரம் அசைந்தும் பின்னால் மோட்டார் அசையவில்லை என்றால் கேபிள் தேய்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் என்றால் எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். நான் வாங்கிய ஒரு பழைய படகில் சக்கரம் இரண்டு விரல் தூரம் சும்மா சுற்றும். "இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் சார்" என்றார் விற்ற மகராசன். பேரம் பேசிக் குறைத்த பணம் அப்படியே ஸ்டியரிங் மாற்றப் போனது.

அதைச் சரி செய்த பிறகு, ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்றில்லாத காலையில், ஆளில்லாத தண்ணீரில் பழகுங்கள். குடும்பம் கரையில் இருக்கட்டும்.

கேள்வி: முன்பக்கம் மீன் பிடிக்க உயரமான இருக்கை இருக்கிறதே, ஓடும்போது பையன் அதில் உட்கார ஆசைப்படுகிறான். 30 மைலுக்கு மேல் போக மாட்டேன்.

பதில்: கூடாது. அங்கிருந்து விழுபவன் படகுக்கு முன்னால் விழுவான், ப்ரொப்பெல்லர் பின்னால் வருகிறது.

கேள்வி: கில் சுவிட்ச் கயிறு, அதாவது ஓட்டுபவர் விலகினால் மோட்டாரை அணைக்க உடம்பில் மாட்டும் கயிறு, பெரிய இடைஞ்சல். எழுந்து போகும்போதெல்லாம் மோட்டார் அணைந்துவிடுகிறது. கட்டாயமா?

பதில்: அணைவதற்குத்தானே அது இருக்கிறது! ஆமாம், கட்டாயம். 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான படகு எழும்பி ஓடும்போது ஓட்டுபவர் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். ஆள் விழுந்து மோட்டார் மட்டும் ஓடினால், ப்ரொப்பெல்லரின் முறுக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்துவிடும். படகு வட்டமடித்து, விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். கயிறு பிடிக்கவில்லை என்றால் வயர்லெஸ் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் கிளம்பும்முன் ஒருமுறை சோதித்து, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் வாங்கலாமா, ஃபோம் வாங்கலாமா? போட்டிக்காரர்கள் பலர் காற்று நிரம்புவதைத்தான் போடுகிறார்கள். ஒரு ஃபோம் ஜாக்கெட்டில் 50 மைல் சோதனை என்று போட்டிருக்கிறது, போதுமா? (ஹூஸ்டன்)

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி. கடைக்காரர்கள் மீது எனக்கு நெடுநாள் எரிச்சல். 80,000 டாலர் படகை விற்பவர் அது எத்தனை மைல் பறக்கும் என்று அரைமணி நேரம் பேசுவார். ஜாக்கெட் என்றதும் படகின் நிறத்துக்கு எது பொருந்தும் என்று காட்டுவார்.

காற்று நிரம்பும் ஜாக்கெட்டின் ஒரே பெரிய பலம், வெயிலிலும் ஆள் அதைக் கழற்றாமல் போட்டிருப்பார் என்பது. மெதுவாகப் போகும்போது, நின்று தூண்டில் வீசும்போது அது நல்ல சாமான். ஆனால் 60 மைல் என்றால் நொடிக்கு 88 அடி. அந்த வேகத்தில் விழுந்து தலையில் அடிபட்டு மயங்கியவரின் கை எந்தக் கயிற்றை இழுத்து அதை நிரப்பும்? தானாக நிரம்பும் வகையும் நனைந்த பிறகுதான் வேலை செய்யும், அதற்கும் சில நொடி ஆகும். போதாததற்கு இடுப்பில் ஒரே ஒரு பட்டை. அது தளர்ந்திருந்தால் தண்ணீர் அதைத் தலைவழியே உரித்துவிடும். ஃபோம் ஜாக்கெட்டுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை, விழும்போதே மிதக்கிறது. மூன்று நான்கு பக்கிள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஓடும்போது ஃபோம், மீன் பிடிக்க மெதுவாக நகர்த்தும் சின்ன ட்ரோலிங் மோட்டாரை இறக்கிய பிறகு மற்றது. இரண்டும் வாங்கினாலும் ஒரு ப்ரொப்பெல்லர் விலை வராது.

அந்த 50 மைல் சங்கதி: துணியும் பட்டையும் கிழியாமல் தாங்கும் வேகம் அது. உங்கள் விலா எலும்புக்கு யாரும் சோதனை செய்து சீட்டு ஒட்டவில்லை.

அளவு சரியா என்று கடையிலேயே பாருங்கள். எல்லா பக்கிளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரிய அளவு. "தொப்பைக்கு வசதியாக" என்று எழுதுகிற வாசகர்களே, உங்களுக்கும்தான்.

1967-ல் பாஸ் போட்டிகளைத் தொடங்கிய ரே ஸ்காட், பெரிய மோட்டார் ஓடும்போது ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்று தன் போட்டிகளில் விதி வைத்தார். வேகப் படகை ஊருக்கெல்லாம் பிரபலமாக்கியவரே அதைச் சொன்னார். அமெரிக்கக் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) கணக்கில் 2023-ல் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த சாவுகளில் முக்கால்வாசி மூழ்கிப் போனவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

கேள்வி: தனியாரிடம் 18 அடிப் படகு வாங்கினேன். 200 குதிரைத்திறன் மோட்டார். கன்சோல் (ஸ்டியரிங் இருக்கும் மேடை) பக்கம் நான்கு ஆணித் துளை மட்டும் இருந்தது. படகுக்கு 150 வரைதான் அனுமதி என்று தயாரிப்பாளரிடம் கேட்டபோது தெரிந்தது. விற்றவர் "உள்ளது உள்ளபடி விற்றேன்" என்கிறார். (டெக்ஸஸ்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் மேல் தப்பில்லை. 20 அடிக்குக் குறைவான இந்த வகைப் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு குதிரைத்திறன் என்று சொல்லும் தகடு இருக்க வேண்டும். அதைக் கழற்றியவருக்கு ஏன் கழற்றினோம் என்று தெரியும். மோட்டார் எடை கூடினால் பின்பக்கம் தாழும். அதைத் தாங்கும் பலகையும் கூடுதல் இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

விளம்பரம், குறுஞ்செய்தி, துளைகளின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். படகின் பின்பக்க வலது மூலையில் 12 எழுத்தில் அடையாள எண் இருக்கும். அதைக் கொடுத்து, தயாரிப்பாளரிடம் அனுமதி அளவை எழுத்தில் வாங்குங்கள். "உள்ளது உள்ளபடி" என்பது தெரிந்தே மறைத்து விற்றவருக்கு முழுக் கேடயம் ஆகாது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முதலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் டெக்ஸஸில் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட் 20,000 டாலர் வரை வழக்கை எடுத்துக்கொள்ளும். அதுவரை படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: டெக்ஸஸின் லேக் ஃபோர்க் ஏரியில் முழு வேகத்தில் போகலாமா?

பதில்: ஏரி கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அடையாளமிட்ட பாதைக்குள் மட்டும் வேகம், அதுவும் நீர்மட்டம் பார்த்து. வெளியே வந்தால் நடை வேகம்.

கேள்வி: 12 வயது, 14 வயதுப் பிள்ளைகளுக்குக் காற்று நிரம்பும் ஜாக்கெட் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது.

பதில்: அந்த வகைக்கு 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. சீட்டிலேயே எழுதியிருக்கும். கோஸ்ட் கார்டு அனுமதி எண்ணே இல்லாத சாமானும் அங்கே அதே பக்கத்தில்தான் கிடைக்கிறது. ஃபோம் வாங்குங்கள்.

கேள்வி: நான்கு ஜாக்கெட்டும் புதிது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தேன். கேம் வார்டன் (மீன், வனவிலங்குச் சட்ட அதிகாரி) அபராதம் போட்டுவிட்டார். நியாயமா?

பதில்: நியாயம்தான். எடுத்துப் போடக் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதே விதி. உறையைப் பிரியுங்கள். உங்கள் படகு 16 அடியோ அதற்கு மேலோ என்றால் தூக்கி எறியும் மிதவை ஒன்றும் வேண்டும், அதையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடாதீர்கள்.