குவிவு நிகழ்வெண் வளைவு எதற்கு? அட்டவணையே போதாதா?

பத்தாம் வகுப்பில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அட்டவணையில் இருப்பதை எதற்கு மறுபடி வரைய வேண்டும்? பதில் பிறகுதான் கிடைத்தது, மன்னார்குடி பக்கம் எங்கள் களத்து மேட்டில்.

குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டால் நெல் காயாது. கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. சும்மா ஒரு கணக்குக்கு 40 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்து ஈரப்பதமானியில் போட்டுப் பார்க்கிறோம். 13–15 சதவீதத்தில் 4 மூட்டை, 15–17இல் 10, 17–19இல் 16, 19–21இல் 7, 21–23இல் 3. கூட்டிக்கொண்டே வந்தால் 4, 14, 30, 37, 40. இதுதான் குவிவு நிகழ்வெண்.

இதை வரைபடமாக்க, ஈரப்பதம் கிடை அச்சில், கூட்டி வந்த மூட்டை எண்ணிக்கை செங்குத்து அச்சில். புள்ளி வைக்கும்போதுதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். பிரிவின் நடுவில் வைக்காதீர்கள், மேல் எல்லையில் வையுங்கள். 16க்கு நேராக 14 என்று வைத்தால் '16 சதவீதத்துக்குள் 14 மூட்டை' என்று ஆகிவிடும். அது பொய். 15–17இல் உள்ள பத்தும் 17ஐத் தொட்டால்தான் முழுசாகக் கணக்கில் வரும். தொடக்கத்தில் 13க்கு நேராக 0 வைத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் இழுத்துவிட்ட எஸ் மாதிரி ஒரு கோடு கிடைக்கும். அது எங்காவது கீழே இறங்கினால் கூட்டலில் தப்பு. குதிரில் நெல் கொட்டக் கொட்ட மட்டம் இறங்குமா?

பரீட்சைக்கு வேண்டியது சுலபம். 40இல் பாதி 20. செங்குத்து அச்சில் அங்கிருந்து கோட்டுக்குப் போய்க் கீழே இறங்கினால் இடைநிலை அளவு, அதாவது பாதி மூட்டைகள் எதற்குள் அடங்குமோ அந்த ஈரப்பதம், சுமார் 17.75. அதேபோல் 10க்கு 16.2, 30க்கு 19. கால் பங்கும் முக்கால் பங்கும் அடங்கும் இந்த அளவுகள்தான் கால்மானங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மழை வருஷங்களில் மத்திய அரசு ஈரப்பத வரம்பைத் தளர்த்தியது உண்டு. வரம்பு 18 ஆனால் எத்தனை மூட்டை தேறும்? அட்டவணையில் 18 என்ற எல்லையே இல்லை. கோட்டில் பார்த்தால் சுமார் 22. 19 ஆனால் 30. அதாவது 17இலிருந்து இரண்டு சதவீதம் நகர்ந்ததற்கே 16 மூட்டை கூடுகிறது. கோடு அங்கேதான் செங்குத்தாக ஏறுகிறது. 21இலிருந்து 23க்கும் அதே இரண்டு சதவீதம்தான், ஆனால் கூடுவது வெறும் 3 மூட்டை.

அப்புறம், அந்த 22க்கு முன்னால் 'சுமார்' போட மறக்காதீர்கள். 17–19இல் உள்ள பதினாறும் சமமாகப் பரவியிருக்கிறது என்று நாமாக நினைத்துக்கொண்ட எண் அது. பெரும்பாலானவை 18.5ஐ ஒட்டிக் கிடந்தால் 22 தேறாது.