நரம்பில் ‘அடைப்பு’ எடுக்க ஊசியா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. தங்கச்சிமடத்தில் மீன்பிடித் தொழில். 11 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஆறு மாதமாக இரண்டு பாதமும் மரத்து, ராத்திரியில் எரிகிறது. முகாமுக்கு அழைத்துப்போன ஒருவர் செல்போனில் வீடியோ காட்டினார். கயிற்றின் மேல் இரண்டு கால் பொம்மை ஒன்று பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. “மூளையிலிருந்து வரும் ரசாயனம் நரம்பில் அடைத்து நிற்கிறது, பத்து ஊசி, 12,000 ரூபாய்” என்கிறார். நான்கு போட்டாயிற்று. மீதியையும் போடலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. வீடியோ உண்மை. அதைக் காட்டிச் சொன்ன கதைதான் பொய்.

அந்தப் பொம்மையின் பெயர் கைனசின். நரம்பு செல்லுக்குள் சரக்கு தூக்கும் புரதம். 1985-ல் அமெரிக்காவில் வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் கண்டுபிடித்தார்கள். எதில் என்கிறீர்கள்? கணவாய் மீனில்! அதன் பெரிய நரம்பிழை வெறும் கண்ணுக்கே தெரியும், அதனால்தான் அது.

அப்பாவின் கால்விரலுக்குப் போகும் நரம்பு செல்லின் உடல்பகுதி இடுப்புப் பக்கம், முதுகுத்தண்டை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து விரல்நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர், அவ்வளவும் ஒரே செல். உள்ளே நுண்குழல்கள் (வீடியோவில் பார்த்த கயிறு) தண்டவாளம் மாதிரி ஓடுகின்றன. வேகமான சரக்கே நாளுக்கு அதிகபட்சம் 40 சென்டிமீட்டர்தான் போகும். தண்டவாளத்தைப் பழுதுபார்க்கும் சாமான்கள் நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். வழியெல்லாம் எரிபொருள் வேண்டும். சர்க்கரை அதிகமாகவே இருந்தால் அந்த எரிபொருளும் தடுமாறும், நரம்புக்கு வரும் ரத்தமும் குறையும். 2022 கடைசியில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபோது மதுரைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை, ராமேஸ்வரத்துக்குத்தானே தெரிந்தது? அப்படித்தான், கடைக்கோடியில் இருக்கும் பாதம் முதலில் மரக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் அடைத்துக்கொண்டதால் அல்ல. ஊசி போட்டுக் குத்தி எடுக்க அங்கே அடைப்பு எதுவும் கிடையாது.

நரம்பு தசைக்குச் செய்தி சொல்லும் ரசாயனம் மூளையிலிருந்து வருவதும் இல்லை. காலில் நரம்பு தசையைத் தொடும் முனையிலேயே அது தயாராகி, குட்டிப் பைகளில் நிரம்புகிறது. பையும் அங்கேயே திரும்பத் திரும்பப் பயன்படும். இடுப்பிலிருந்து வருவது பைக்கான பாகங்களும் தயாரிப்புக்கு வேண்டிய என்சைம்களும்தான்.

சரி, ஊசியே வேண்டாமா என்றால், ஒரு விஷயத்துக்கு வேண்டும்: வைட்டமின் பி12 குறைவு. மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிட்டால் குடல் பி12-ஐச் சரியாக உறிஞ்சாமல் போகலாம். “தினம் மீன் சாப்பிடுகிறவருக்கு எப்படிக் குறையும்?” என்று கேட்பார்கள். சட்டியில் மீன் இருந்தால் போதாது, ரத்தத்தில் ஏற வேண்டும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்றும் விட்டுவிடாதீர்கள். அது நன்றாக இருந்துகொண்டே நரம்பு கெடலாம். இதில் ஒரு சிக்கல்: ஊசி போட்ட பிறகு சோதித்தால் அளவு ஏறியே காட்டும், முன்பு குறைவாக இருந்ததா என்று தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், சோதனை முதலில், ஊசி அப்புறம். அந்த நான்கு ஊசியின் காலிக் குப்பியையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். இந்த மாதிரி ‘அடைப்பு’ ஊசிகளில் இருப்பது பி12-ஆகவும் இருக்கலாம். குப்பியைத் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

முகாமில் இலவசமாகப் பார்ப்பார்கள், அப்புறம் வண்டி வைத்து நகரத்துக்குக் கூட்டிப்போவார்கள், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். இருபது வருடமாகப் பார்க்கிறேன். புரோக்கரை மட்டும் திட்டியும் பயனில்லை. மாத்திரை மாதாமாதம் கிடைத்துவிடுகிறது, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. அதற்கு மிஷினா வேண்டும்? தூண்டிலில் கட்டும் தங்கூசி மாதிரி ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அது வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் விசை. கண்ணை மூடிக்கொண்டு அப்பா “தொடுகிறது” என்று சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வார்கள்.

சர்க்கரைக்கென்று நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாரா? உடனே நிறுத்துங்கள். அந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து மேலே சொன்ன தண்டவாளத்தையே கலைக்கும். கால் மரப்பது அதன் தெரிந்த பக்கவிளைவு.

எரிச்சலுக்கு நல்ல மாத்திரைகள் உண்டு. சிலது தூக்கம் வரவைக்கும், அதனால் ராத்திரி கடலுக்குப் போகிறவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்தாலும் மரத்த பாதம் பத்து நாளில் திரும்பாது. நரம்பு வளர்ந்தால்கூட நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். அதுவரை மணலில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கரைக்கு வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். மீன்முள் ஏறியிருந்தால் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.