இசை நாடகத்தில் பாட்டைப் பதிவு செய்துவிட்டு மேடையில் வாயசைக்கலாமா?

கேள்வி கேட்டவர், தங்கள் ஊர் அமெச்சூர் நாடகக் குழு வருகிற திருவிழாவில் முதன்முறையாக ஓர் இசை நாடகம் போடவிருப்பதாகவும், பாடப் பழகியவர்கள் இரண்டே பேர் இருப்பதால் பாடல்களை முன்கூட்டியே பதிவு செய்து மேடையில் வாயசைத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே என் பதில். சுருதியை இறக்குங்கள், மெட்டை எளிதாக்குங்கள், பாட்டுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பாதகமில்லை. ஆனால் வேடம் கட்டியவர் வாயிலிருந்தே பாட்டு வரட்டும். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நான் தென்காசிப் பக்கத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குழுவில் ஆசிரியர்கள், தபால்காரர் ஒருவர், தையற்கடை நடத்தும் கணவன் மனைவி, பள்ளிப் பிள்ளைகள் என 22 பேர் இருக்கிறோம். குற்றாலத்துச் சித்திர சபையில் தாண்டவ தீபாராதனை நடக்கும் மார்கழித் திருவாதிரையை ஒட்டி, எங்கள் ஊர்க் கோயில் திடலில் ஓர் இரவு நாடகம் போடுவது வழக்கம். அதற்காக நாங்கள் எடுத்துக்கொண்டது, குறி சொல்லும் குறத்தி வருகிற பழைய இசை நாடகமான திருக்குற்றாலக் குறவஞ்சி. அதைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசியை அடுத்த மேலகரத்துக்காரர். 18ஆம் நூற்றாண்டில் அந்த நூலுக்குப் பரிசாக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்றே பெயர் பெற்றது. அதில் வருகிற மலை எங்கள் தெருவில் நின்றாலே தெரியும். வேறு ஊரார் வேறு நாடகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பார்ப்பவர்களுக்குப் பாதிப் பாட்டாவது காதில் பழகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டு நாங்களும் நீங்கள் நினைப்பது போலத்தான் செய்தோம். திருநெல்வேலியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு நாள் இருந்து, நன்றாகப் பாடக்கூடிய வெளியாட்கள் இருவரை வைத்து எல்லாப் பாடல்களையும் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டு மைக் செட்காரரிடம் கொடுத்தோம். நாயகி வசந்தவல்லி பந்தாடுகிற காட்சி தொடங்கியது. அவள் கையை உயர்த்தியதும், குறவன் சிங்கன் பறவை பிடிக்க வரும்போது பாட வேண்டிய பாட்டு ஒலித்தது. பிழையைத் திருத்த மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆனால் அதைவிட என்னை வருத்தியது, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன வார்த்தை: “பிள்ளை வாய்தான அசையுது, பாடுதது வேற யாரோல்லா?” பாட்டு பிசகாமல் ஓடிய காட்சிகளைப் பற்றியும் அந்த ஆச்சி சொன்னதே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

மறு ஆண்டு, ஸ்பெஷல் நாடகங்களுக்கு நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்துவந்த ஓர் அண்ணாச்சியை அழைத்து வந்தோம். ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து விடிய விடிய நடிப்பார்கள். யாருக்கு எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி, சரிப்படும் என்று ஆர்மோனியக்காரர் முதல் அடியிலேயே கண்டுகொண்டாக வேண்டும். அவர் வந்த அன்று வசந்தவல்லியாக நடிக்கவிருந்த பெண் ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி இரண்டு கண்ணி (ஈரடிப் பாட்டு) கேட்டார். பெட்டியின் மேல் கையை வைத்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார்வாள், பிள்ளை கழுத்து நரம்பு பொடைக்கது தெரியலியா? கட்டையைக் கொறைங்க.” நான் அதுவரை அவள் குரலைத்தான் கவனித்திருந்தேன், கழுத்தைப் பார்த்ததில்லை. நாலரைக்கு இறக்கியதும் அதே பெண் தோளைத் தளர்த்திக்கொண்டு, சொற்களைத் தெளிவாகச் சொல்லிப் பாடினாள்.

சிங்கனும் அவன் மனைவியான குறத்தி சிங்கியும் கேள்வியும் பதிலுமாகப் பாடுகிற கட்டம்தான் எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது. சிங்கி குறி சொல்லிப் பெற்ற நகைகளைப் பூட்டிக்கொண்டு வருகிறாள். அவற்றை அறியாத சிங்கன், காலிலே விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று அவள் விடை சொல்கிறாள். இருவருக்கும் ஒரே மெட்டு. சிங்கனாக நடித்த தபால்காரர் ஒன்றரைக் கட்டைக்காரர், சிங்கி ஐந்து கட்டைக்காரி. கண்ணிக்குக் கண்ணி சுருதியை மாற்றினால் கேட்பவர் காதும் தடுமாறும், பாடுபவரும் தடுமாறுவார். அண்ணாச்சி இருவருக்கும் பொதுவாக மூன்று கட்டையை வைத்து, மெட்டு ஆதார ஷட்ஜத்துக்கு (அடி ‘ஸ’வுக்கு) கீழேயும் மேல் ஷட்ஜத்துக்கு மேலேயும் போகாதபடி திருத்திக் கொடுத்தார். சிங்கனுக்கு அது சற்று மேலே, சிங்கிக்குச் சற்றுக் கீழே. பதறுகிறவன் குரல் ஏறி ஒலிப்பதும் நகையைக் காட்டுகிறவள் நிதானமாகச் சொல்வதும் அந்தக் காட்சிக்கு மிகவும் பொருந்திவிட்டன.

பந்தாட்டப் பாட்டில் வேறு வகையான தொல்லை. அதன் தாளம் ஓட்டமானது. ஆடிக்கொண்டே பாடினால் மூன்றாவது அடியிலேயே மூச்சு வாங்கும். நடனம் பயின்றவர்களுக்கே கடினமான அதை ஒரு பதினோராம் வகுப்பு மாணவியிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே முதல் அடியை அவள் நின்று பாடுவாள். அதையே தோழியர் நால்வர் திருப்பிப் பாடும்போது அவள் ஆடுவாள் என்று பிரித்துக்கொண்டோம். குறவஞ்சியில் தோழியர் எப்படியும் மேடையில் இருப்பார்கள் என்பதால் இது ஒட்டுப்போட்டது போலத் தெரியவில்லை. உண்மையான பந்தையும் விட்டுவிட்டோம். ஒத்திகையில் அது உருண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அவள் கண்ணும் பாட்டும் அதன் பின்னே போய்விட்டன.

பிள்ளைகளை நடிக்க வைப்பதாக இருந்தால் ஒன்றை மறவாதீர்கள். சிங்கனோடு வருகிற நூவனாக நடிக்க ஆவணியில் ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்தோம். கார்த்திகையில் அவனுக்கு மகரக்கட்டு உடைந்துவிட்டது, அதாவது வயதுக்கு வரும்போது குரல் மாறத் தொடங்கிவிட்டது. ஒரு நாள் ஒத்திகையில் குரல் இரண்டாகப் பிளந்து வந்ததும், பாட்டை நிறுத்திவிட்டு மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் பாலர் சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் நடிப்பும் கற்பித்தார். அத்தகைய சபைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் எட்டிய குரலில் பாடிய சிறுவர்களுக்கு மகரக்கட்டு உடைவது பிழைப்பையே பாதிக்கிற செய்தி. எங்கள் பையனுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று, அவன் பாட்டை வசனமாக மாற்றி, தாளத்துக்குச் சொல்ல வைத்தோம். குரல் மாறுகிற பிள்ளையை வற்புறுத்திப் பாட வைக்காதீர்கள். வேறொருவரை மாற்றி அவனை அனுப்பியும் விடாதீர்கள்.

மைக் விஷயத்தில் அதிகம் செலவிட வேண்டாம். மேடையின் முன்விளிம்பில் நிற்கும் மைக் மூன்று, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனியே ஒன்று. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. பாடுபவருக்கு ஆர்மோனியம் காதில் விழுகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அதனால் வாத்தியக்காரர்களை மேடைக்குக் கீழே உட்கார வைக்காமல், பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி மேடையின் பக்கவாட்டிலேயே உட்கார வையுங்கள். மார்கழிப் பனிக்குத் தொண்டை கட்டும். ஒத்திகை முடிந்ததும் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுத்து, தலையில் துண்டைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவோம்.

நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் ஆர்மோனியக்காரரைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் சித்திரையிலிருந்து ஆடி வரை கோயில் கொடைத் திருவிழாக் காலம், அப்போது அவர்களைப் பிடிக்க முடியாது. ஆவணி பிறந்ததும் நேரில் போய்ப் பேசி, முதல் ஒத்திகைக்கே அழைத்து வந்து, உங்கள் குழுவில் எல்லோரையும் ஆளுக்கு இரண்டு வரி பாடச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். பாடப் பழகியவர்கள் இரண்டு பேர்தான் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் குழுவிலும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அண்ணாச்சி கேட்டுவிட்டு ஏழு பேரைப் பொறுக்கினார். அதில் ஒருவர், நான்கு ஆண்டுகளாகத் திரை இழுத்துக்கொண்டிருந்த தையற்கடை மதினி. சிங்கியாகப் பாடுவது அவர்தான்.