பழைய டெர்மினல்களைச் சேகரிப்போர்க்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினல், வேறொரு கணினியோடு இணைத்தால்தான் வேலை செய்யும். அப்படிப்பட்ட ஒன்றை ஏன் சேகரிக்க வேண்டும்? பழைய கணினியையே சேகரிக்கலாமே?

பதில்: 1970களில் பெரிய கணினிகளைப் பயன்படுத்தியவர்களுள் பலர் அந்தக் கணினியை நேரில் பார்த்ததே இல்லை. அது எங்கோ ஒரு பூட்டிய அறையில் இருந்தது. அவர்களுடைய கையும் கண்ணும் பழகியதெல்லாம் டெர்மினலோடுதான். ஆகவே, மனிதர் கணினியோடு பழகிய விதத்தை அறிய விரும்புவோர் டெர்மினலைத்தான் தேடிப் போக வேண்டும். லியர் சீக்லர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஏ.டி.எம்.-3ஏ மாடலில் அம்பு விசைகள் தனியாகக் கிடையாது. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளிலேயே அம்புக்குறிகளை அச்சிட்டிருந்தார்கள். நிரலாளர் பில் ஜாய் அந்த டெர்மினலில்தான் விஐ (vi) என்னும் உரை எடிட்டரை உருவாக்கினார். அந்த நான்கு விசைகளால் கர்சரை நகர்த்தும் பழக்கம், அந்தப் பெட்டியைப் பார்த்தே இராத இன்றைய நிரலாளர்களின் விரல்களிலும் தங்கிவிட்டது.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வி.டி.100 வெளிவந்தது 1978இல். கர்சரை நகர்த்தவும், திரையைத் துடைக்கவும், எழுத்தைத் தடிப்பாக்கவும் அது ஏற்றுக்கொண்ட எஸ்கேப் குறியீடுகள் என்னும் கட்டளைத் தொடர்களை இன்றைய லினக்ஸ், மேக் கணினிகளின் டெர்மினல் சாளரங்களும் அப்படியே ஏற்கின்றன. அதற்குள்ளேயும் ஒரு கணினி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்: ஆல்டேர் 8800 என்ற புகழ்பெற்ற ஆரம்பகால மைக்ரோ கணினியை இயக்கிய அதே இன்டெல் 8080 செயலிதான் வி.டி.100ஐயும் இயக்குகிறது.

கேள்வி: முதன்முதலாக எந்த மாடலை வாங்குவது நல்லது?

பதில்: 1983இல் வந்த வி.டி.220, வைஸ் நிறுவனத்தின் 50, 60 ஆகியவற்றுள் ஒன்றைப் பாருங்கள். இவை மேசையில் அடங்கும். 25 ஊசிகள் கொண்ட சாதாரண ஆர்.எஸ்.232 (சீரியல்) இணைப்பி இருக்கிறது. கையேடுகளும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன.

ஐ.பி.எம். 3278ஐப் பார்த்ததும் ஆசை வரும், ஏனென்றால் அதன் கட்டமைப்பில் ஒரு கம்பீரம் உண்டு. ஆனால் 3270 குடும்பத்து டெர்மினல்கள் கோஆக்சியல் கேபிள் வழியாகத் தமக்கென உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மட்டுமே பேசும். அந்தப் பெட்டியோ, அதற்கு ஈடாக இன்றைய ஆர்வலர்கள் வடிவமைத்திருக்கும் இடைமுகப் பலகையோ கைக்கு வராதவரை அந்த டெர்மினலால் எந்தப் பயனும் இராது. பிரான்சில் தொலைபேசி வழித் தகவல் சேவைக்குப் பயன்பட்ட மினிடெல் டெர்மினல் எடை குறைந்தது, எளிதில் கிடைப்பது. அந்தச் சேவை 2012 ஜூன் 30 அன்று மூடப்பட்டுவிட்டாலும், பின்புறமுள்ள வட்ட இணைப்பி வழியாக இன்றும் அதைக் கணினியோடு இணைக்க முடிகிறது. ஆனால் அதன் மின்னழுத்த அளவு ஆர்.எஸ்.232இன் அளவு அன்று. நேரடியாகச் செருகாமல் இடையில் ஒரு மாற்றியை வைக்க வேண்டும்.

கேள்வி: விசைப்பலகை இல்லாத வி.டி.100 ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு விசைப்பலகையைப் பிறகு தேடலாமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். டெர்மினல் சேகரிப்பில் என்னை மிகவும் வருத்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பழைய மெக்கானிக்கல் விசைப்பலகைகளுக்கு இன்று தனியாக ஒரு ரசிகர் கூட்டம் உருவாகியிருக்கிறது. அவர்களுக்காக விற்பனையாளர்கள் விசைப்பலகையை மட்டும் கழற்றி விற்கிறார்கள். திரைப்பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அழுத்தும்போது தனித்த தொடு உணர்வும் ஒலியும் தரும் பீம் ஸ்பிரிங் அமைப்பு கொண்ட ஐ.பி.எம். விசைப்பலகைகளே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன. இப்படிப் பிரித்தபின் இரண்டு பாதிகளும் மறுபடி ஒன்று சேர்வது அரிது.

வி.டி.100ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விசைப்பலகை கால் அங்குல ஆடியோ பிளக் போன்ற ஒற்றைப் பிளக்கில், சுருள் கம்பியோடு இணைகிறது. மணியொலி எழுப்பும் சிறு ஒலிபெருக்கியும், இணைப்பின் நிலை முதலியவற்றைக் காட்டும் ஏழு சிவப்பு விளக்குகளும் விசைப்பலகைக்குள்ளேயே இருக்கின்றன. வேகம், பாரிட்டி (பிழை கண்டறியும் கூடுதல் பிட்) முதலிய அமைப்புகளை மாற்றும் செட்-அப் விசையும் அதில்தான். அந்தப் பலகை இல்லாவிட்டால் டெர்மினலின் அமைப்பை மாற்றக்கூட வழியில்லை. வி.டி.220இன் பலகையைப் பொருத்தலாமா என்றால், அதன் பிளக்கும் வேறு, பேசும் முறையும் வேறு. மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு ஒன்றை விசைப்பலகை போல நடிக்கவைத்து ஆர்வலர்கள் சமாளித்திருக்கிறார்கள். மின்னணுவியலில் நல்ல பழக்கம் உள்ளவர் அதில் இறங்கலாம். மற்றவர்கள் கூடுதல் விலை கொடுத்தேனும் முழுமையான ஒன்றை வாங்குவதே சரி. உங்களிடம் உள்ளதை விற்க நேர்ந்தாலும் பிரிக்காமல் விற்றுவிடுங்கள்.

கேள்வி: என் டெர்மினலின் திரை ஓரங்களில் பூஞ்சை பிடித்தது போல வட்டவட்டமான கறைகள் தெரிகின்றன. துடைத்தால் போகவில்லை. படக்குழாய் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் குழாய் கெட்டிருக்காது. அக்காலப் படக்குழாய்கள் பலவற்றின் முகப்பில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் முகத்தில் தெறிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இடையிலுள்ள பசை பல பத்தாண்டுகளில் சிதைந்து, ஓரத்திலிருந்து குமிழ்குமிழாக உள்நோக்கிப் பரவுகிறது. டெர்மினலை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கறை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது தெளிவாகத் தெரியும். கண்புரை என்றே சேகரிப்பாளர்கள் இதைச் சொல்கிறார்கள்.

வெப்பத்தால் பசையை இளக்கி முன்கண்ணாடியைப் பிரித்து, சுத்தம் செய்து, ஓரங்களில் மறுபடி ஒட்டுவதுதான் சரிசெய்யும் முறை. ஆனால் படக்குழாய்க்குள் வெற்றிடம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சூடேறினாலும், கழுத்துப் பகுதியில் சிறிது அடிபட்டாலும் அது உள்நோக்கி வெடிக்கக்கூடும். மேலும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதை முறையாக வடிக்கத் தெரிந்தவர் உடனில்லாமல் இதில் இறங்காதீர்கள். எழுத்துகள் படிக்கும்படி தெரிகின்றன என்றால், அப்படியே விட்டுவைப்பதுதான் என் விருப்பம். பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால், முன்கண்ணாடி இல்லாமல் மட்டும் டெர்மினலை மறுபடி இயக்க வேண்டாம்.

கேள்வி: வாங்கி வந்தவுடன் இயக்கிப் பார்க்கலாமா? இன்றைய கணினியோடு இணைப்பது எப்படி?

பதில்: முதலில் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. மின்வழங்கியின் உள்வரும் பக்கத்தில் இருக்கும் பழைய காகித மின்தேக்கிகளின் உறையில் வெடிப்பு தெரிந்தால், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அவற்றை மாற்றிவிடுங்கள். இல்லையேல் துர்நாற்றமான புகையோடு வெடித்துவிடும். மின்னழுத்தத் தேர்வு உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இணைப்புக்கு யு.எஸ்.பி. சீரியல் மாற்றி ஒன்றும், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இடம் மாற்றித் தரும் நல்-மோடம் கேபிள் ஒன்றும் போதும். இரு பக்கமும் விநாடிக்கு 9600 பிட் வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 நிறுத்த பிட் என வைத்து, லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கு கெட்டி (getty) என்னும் உள்நுழைவுச் சேவையைத் தொடங்கினால் லாகின் கேட்கும். அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் எக்ஸான்-எக்ஸாஃப் கட்டுப்பாட்டை இரு பக்கமும் இயக்கிவைப்பது முக்கியம். வி.டி.100இல் வரிகள் மெதுவாக மேலேறும் வசதியைப் பயன்படுத்தும்போது, கணினி அனுப்பும் வேகத்துக்கு டெர்மினலால் ஈடுகொடுக்க முடியாது. அது நிறுத்தச் சொல்லும்போது கணினி நிற்காவிட்டால் எழுத்துகள் இடையிடையே விடுபடும். தமிழ்க் கோப்பைத் திறந்தால் பொருளற்ற குறிகள்தாம் வரும், ஏனென்றால் யூனிகோடு பிறப்பதற்கு முன்பு செய்யப்பட்ட கருவி அது.

கேள்வி: வேலை செய்யும் டெர்மினலைப் பாதுகாக்க வேறு என்ன செய்யலாம்?

பதில்: திரை எரிந்துபோகாதிருக்க, ஒரே எழுத்துகளை மணிக்கணக்கில் காட்டவிடாதீர்கள். உள்ளே ஈப்ராம் (புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய நினைவகம்) சில்லுகள் இருந்தால், அவற்றிலுள்ள மென்பொருள் காலப்போக்கில் அழிந்துபோகக்கூடியது என்பதால், ரீடர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள். சில்லின் சாளரத்தை மூடியிருக்கும் லேபிளை உரிக்க வேண்டாம். அது வெளிச்சத்தைத் தடுப்பதோடு, அச்சிட்டிருக்கும் பாக எண்ணைக் கொண்டுதான் அது மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று பிறகு அறிய முடியும். அந்த எண்ணையே நகல் கோப்பின் பெயரிலும் சேர்த்துவிடுங்கள்.