செல்லங்களுக்கு ஒரு நோட்டு: கேள்வி பதில்

வீட்டில் வளரும் நாய், பூனைகளுக்கு நாட்குறிப்பு எழுதுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து வாழ்ந்த ஒவ்வொரு ஜீவனுக்கும் தனி நோட்டு வைத்திருப்பவள், அவ்வளவுதான். மருந்து, அளவு என்று வந்தால் டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

அக்கா, லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கோம். 45 நாள் ஆகுது. டைரி போடணும்னு ஆசை. முதல் பக்கத்துல என்ன எழுதுறது? (கோவை)

முதல் பக்கத்தில் அடையாளம் எழுதுங்கள். பிறந்த தேதி, வீட்டுக்கு வந்த தேதி, எங்கிருந்து வந்தது, தாய் தகப்பன் பற்றித் தெரிந்தது, உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) போட்டால் அதன் 15 இலக்க எண்ணும் இங்கேயே வரட்டும்.

அடுத்த பக்கம் ஊசிக்கு. பல நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடும் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கும். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை போடுவார்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் கணக்கில் பூஸ்டர். மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரைக் கார்டில் ஒட்டித் தருவார்கள், அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதியையும் அன்றைய எடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், ஏனென்றால் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை பார்ப்பது சுலபம்: குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். நான்காவது மாதம் தொட்டு பால் பல் விழ ஆரம்பிக்கும். மொத்தம் 28. பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும். ஒன்று கையில் கிடைத்தாலும் தேதி போட்டு நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதை எல்லோரும் எழுதுவார்கள். நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்று: விசேஷமாக எதுவும் நடக்காத நாளையும் எழுதுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி "எப்போதிலிருந்து?". அடுத்தது "வழக்கமாக எப்படி இருக்கும்?". இந்த இரண்டாவது கேள்வியில்தான் பலரும் திணறிப் போகிறார்கள்.

எங்கள் வீட்டு நாய் கறுப்பியின் (கன்னி என்ற நாட்டு இனம்) நோட்டில் இருந்து ஒரு நாள்:

"புதன். காலைச் சோறு முழுக்கக் காலி. மலம் கெட்டி. சாயங்காலம் தெருமுனை வரை நடை. படி ஏறும்போது மட்டும் வலது பின்னங்கால் ஊன்றத் தயங்கினாள், சமதளத்தில் சரியாக இருந்தாள். இடது காது மடிப்புக்குள் உண்ணி 2, எடுத்தாச்சு."

எழுதியபோது இதில் எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. சில வாரத்தில் காய்ச்சல், சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நோட்டைக் காட்டியதும் டாக்டர் உண்ணி வரியில் விரலை வைத்து, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல்தான். உண்ணி கடித்த அன்றே இது தெரியாது, வெளியே வர ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் உண்ணியைப் பார்த்ததே நமக்கு மறந்து போயிருக்கும்.

தினமும் எழுத நேரமில்லை. வாரத்துக்கு ஒருநாள் எழுதினா போதுமா? (ஓசூர்)

போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் யோசித்து எழுதாதீர்கள், பாதி கற்பனையாகிவிடும். பால் கணக்கு எழுதுகிற மாத காலண்டர் சமையலறையில் தொங்குமே, அந்தக் கட்டத்திலேயே அன்றன்று இரண்டு சொல் போதும்: "சோறு பாதி", "வாந்தி 1, மஞ்சள்", "குளியல்". வாராவாரம் நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

நோட்டு நல்லதா, மொபைல் நல்லதா?

எழுத நோட்டு, காட்ட மொபைல். கால் தாங்கி நடப்பதையும் இருமலையும் சொல்லில் விளக்குவது கஷ்டம். டாக்டர் மேஜை மேல் நின்றதும் பல நாய்களுக்கு நொண்டல் மறைந்துவிடும், வீட்டில் எடுத்த பத்து விநாடி வீடியோ அங்கே கை கொடுக்கும். வலிப்பு வந்தால் ஆரம்பித்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் பார்த்துக்கொண்டே வீடியோ எடுங்கள். 5 நிமிடம் தாண்டினால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே கிளம்புங்கள்.

லேப் ரிப்போர்ட், மருந்துக் கடை பில் எல்லாம் வழவழப்பான தாளில் வந்தால் சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும். வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பூனைக்கு என்ன எழுதுறது மேடம்? நாள் பூரா தூங்குது. (திருச்சி)

பூனைக்குத்தான் நோட்டு இன்னும் அவசியம் என்பேன். நாய் வலித்தால் நம்மிடம் வந்து நிற்கும், பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் வழக்கத்தில் வரும் சின்ன மாற்றம்தான் நமக்குக் கிடைக்கிற தடயம்.

எங்கே தூங்குகிறது என்று எழுதுங்கள். பீரோ மேல் ஏறித் தூங்கிய பூனை ஒரு மாதமாகத் தரையிலேயே படுத்தால் மூட்டு வலியாக இருக்கலாம். மணல் தட்டில் சிறுநீர் பட்டுக் கட்டியான மணல் உருண்டை ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணுங்கள். ஆண் பூனை தட்டுக்குப் போய்ப் போய் முக்கிவிட்டு, ஒன்றும் வராமல் திரும்பினால் அது அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து, ராத்திரி என்றாலும் டாக்டரைத் தேடிப் போங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் அப்படித்தான். பூனை தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும்.

எடையை மாதம் ஒருமுறை பாருங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது, முடி மறைத்துவிடும். ஆனால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

நன்றாக அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நாய், பூனை இரண்டுக்கும் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். தூக்கத்தில் தொடர்ந்து அதற்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டும்.

பெண் நாய்க்கு ஹீட் வந்த தேதியை எழுதி வைக்கணுமா? அதான் தானா வந்து போகுதே. (மதுரை)

கட்டாயம் எழுத வேண்டும். ஹீட் என்பது பெண் நாய் இணை சேரும் பருவம். பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஒவ்வொரு நாய்க்கும் இடைவெளி மாறும். குட்டி போட வைப்பவர்களுக்கு 63 நாள் சினைக் கணக்குக்கு இது தேவை என்பது தெரிந்ததுதான். கருத்தடை செய்யாத பெண் நாய் எல்லாவற்றுக்கும் தேவை என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஹீட் முடிந்து சில வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்ளும் நோய் வரலாம். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும், சோர்ந்து படுக்கும், சாப்பிடாது. சில நேரம் வெளியே கசிவே இருக்காது. "எட்டு வாரத்துக்கு முன்னால் ஹீட்" என்று நீங்கள் தேதியோடு சொன்னால் டாக்டர் நேராக ஸ்கேனுக்கு அனுப்புவார்.

என் பொண்ணு மூணாம் கிளாஸ். நாயே பேசுற மாதிரி எழுதுறா. "இன்னைக்கு அம்மா என்னைத் திட்டினாங்க, சோகமா இருந்துச்சு"னு. நிறுத்தச் சொல்லவா? (வேலூர்)

ஐயோ, நிறுத்தாதீர்கள்! எழுதட்டும். கூடவே ஒரு பழக்கம் மட்டும் சொல்லிக் கொடுங்கள்: "சோகமா இருந்துச்சு" என்று எழுதினால், அது சோகம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். வாலைக் காலுக்கு நடுவில் வைத்திருந்ததா, கூப்பிட்டும் வரவில்லையா, காதைப் பின்னால் சாய்த்ததா? அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பார்த்தது ஒரு வரி, நினைத்தது ஒரு வரி. பெரியவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். நாம் நினைத்தது தப்பாக இருந்தாலும் பார்த்தது பிறகு உதவும்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க பழக்கம். நம்ம ஊர்ல யார் இப்படி எழுதினாங்க? (தஞ்சாவூர்)

மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் ஐயா. சினை ஊசி போட்ட தேதி காலண்டரிலோ சுவரிலோ இருக்கும். 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று பார்ப்பார்கள், வராவிட்டால் 280 நாள் சினைக் கணக்கு வைப்பார்கள். அந்தக் காளைக்குப் பிறந்த கன்று, அதன் தாய் எவ்வளவு பால் கறந்தது என்றெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். நம்மிடம் கவனிப்புக்குக் குறைவே இல்லை, தாளில் ஏற்றுவதுதான் குறைவு.

வெளிநாடு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் கில்பர்ட் ஒயிட். செல்போர்ன் என்ற கிராமத்தில் இருந்த பாதிரியார். 1780-ல் அத்தை இறந்ததும் அந்த அத்தை வளர்த்த ஆமையைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். டிமத்தி என்று பெயர். குளிர்காலத்தில் எப்போது மண்ணுக்குள் போகிறது, வசந்தத்தில் எப்போது வெளியே வருகிறது, எடை எவ்வளவு என்று 1793-ல் தான் சாகும் வரை ஒயிட் குறித்து வைத்தார். டிமத்தி பெண் ஆமை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்பதே தெரியாமல் எழுதிய குறிப்பு இத்தனை காலம் பயன்படுகிறதே, பார்த்ததைப் பார்த்தபடி எழுதியதால்தான்.

எங்க வீட்டுப் பச்சைக்கிளிக்கும் டைரி போடலாமா? (திண்டுக்கல்)

பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள், பழகிய கிளி வெளியே பிழைக்காது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

தெருவில் பத்துப் பன்னிரண்டு நாய்களுக்குச் சோறு வைக்கிறேன். இவங்களுக்கு எப்படி எழுதுறது? (சென்னை, பெரம்பூர்)

உங்களை நினைத்தால் மனசு நிறைகிறது. ஒரு நாய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கம், வலது பக்கம், முகம் என்று மூன்று போட்டோ. ஒரே செவலை நிறத்தில் நாலு நாய் இருந்தால் வால், காது, நடையை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். காதில் வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது. வெறிநோய் ஊசி போட்ட தேதியும் போட்டவர்கள் விவரமும் தவறாமல் இருக்கட்டும். தெருவில் ஒரு பிரச்சினை என்று வரும்போது "எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சு" என்று வாயால் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், தேதியோடு நோட்டை நீட்டினால் பேச்சு மாறும்.

யாரையாவது கடித்துவிட்டால் எந்த நாய், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதி, அந்த நாயைப் 10 நாள் கவனியுங்கள். கடிபட்டவர் அந்தப் 10 நாள் காத்திருக்கக் கூடாது. காயத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். நாயை ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்க பொமரேனியனுக்கு 14 வயசு. கண் தெரியல, சிறுநீரகம் போயிடுச்சுன்னு சொல்றாங்க. தூங்க வச்சிடலாமான்னு வீட்டுல பேச்சு. எனக்கு முடிவெடுக்கத் தெரியல அக்கா. (சேலம்)

தம்பி, கருணைக்கொலை செய்யலாமா என்ற இந்தக் கேள்விக்கு இன்னொருத்தர் பதில் சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்க நோட்டு துணைக்கு வரும். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க், நல்ல நிலை என்றால் அதிக மார்க். கூட்டினால் 35-க்கு மேல் இருந்தால் வாழ்க்கை இன்னும் தாங்கும்படி இருக்கிறது என்று கொள்ளலாம்.

வாரம் ஒருமுறை மார்க் போடுங்கள், வீட்டில் இன்னொருவரும் தனியாகப் போடட்டும். தினமும் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நேற்று வாலாட்டியது என்பதற்காக நம்பிக்கையும், இன்று எழவில்லை என்பதற்காகப் பயமும் வந்து வந்து ஆட்டும். மாதத்தை மொத்தமாகப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

எங்க ஜூலி போய் நாலு மாசம் ஆச்சு. இருந்தப்ப ஒண்ணுமே எழுதல. இப்ப எழுதி என்ன ஆகப்போகுது? (நாகர்கோவில்)

எழுதுங்கள் அம்மா. வரிசையாக எழுத வேண்டும் என்று இல்லை. மொபைல் கேலரியைப் பின்னோக்கித் தள்ளுங்கள், ஒவ்வொரு போட்டோவிலும் தேதி இருக்கும். அந்தப் போட்டோ எடுப்பதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். ஊசிக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலும் தேதி இருக்கிறது. பால்காரர், எதிர்வீட்டுப் பிள்ளைகள், பேப்பர் போடுகிற பையன் ஆகியோரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஜூலி ஒருத்தி அவர்களிடம் இருப்பாள். எந்த வண்டிச் சத்தத்துக்கு எழுந்து நின்றாள், கதவில் எங்கே பிராண்டினாள், எந்தப் பெயரில் கூப்பிட்டால் வரமாட்டாள் என்பவைதான் முதலில் மறந்து போகும். அவற்றை முதலில் எழுதிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம். நாயைப் பக்கத்து வீட்டுல விடப்போறோம். நோட்டையே கொடுத்துடலாமா? (ஈரோடு)

முழு நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு தாளில் எடுத்து எழுதிக் கொடுங்கள். டாக்டர் எண்ணும் உங்கள் எண்ணும் முதல் வரி. என்ன சோறு, எத்தனை மணிக்கு, எந்தக் கிண்ணத்தில் எந்தக் கோடு வரை. கொடுக்கவே கூடாதவை: சாக்லேட், வெங்காயம், திராட்சை, மனிதர்களுக்கான காய்ச்சல் மாத்திரை. எதற்குப் பயப்படும், பயந்தால் எங்கே போய் ஒளியும். கல்யாண ஊர்வலம் அந்தத் தெரு வழியாகப் போகும் நாளாக இருந்தால், வெடிச் சத்தம் கேட்கும் முன்பே உள்ளே கட்டச் சொல்லுங்கள். தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டு ஒரு பேனாவும் கொடுங்கள். தினம் சாப்பிட்டதா, மலம் போனதா என்று அவர்கள் எழுதித் தந்தால், ஊரிலிருந்து வந்ததும் அந்தத் தாளை அப்படியே நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.